6 வயது மகளுக்கு அடாலிமுமாப் ஊசி, போடலாமா, பொறுக்கலாமா?

குட்டிம்மா_அம்மா:
மகளுக்கு 6 வயது, 17 கிலோ. போன வருடம் வலது முட்டி வீங்கியது. எங்கேயோ விழுந்திருப்பாள் என்று இரண்டு மாதம் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம் (இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது). அப்புறம்தான் ஜேஐஏ, குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்றார்கள். ஐந்து மாதமாக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் (மூட்டு அழற்சியை அடக்கும் மருந்து) கொடுக்கிறோம், காலையில் எழுந்தால் இன்னும் நொண்டுகிறாள். போன வாரம் கண் டாக்டர் யுவைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி என்கிறார், ஆனால் கண் சிவக்கவும் இல்லை, வலிக்கவும் இல்லை. உடனே அடாலிமுமாப் தொடங்கச் சொல்கிறார்கள். மாமியாரோ, "எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற ஊசியைப் பச்சப்புள்ளைக்கா போடுவீங்க, ரெண்டு மாசம் பாருங்க" என்கிறார்.

திருச்சிக்காரன்:
முட்டிக்கு மட்டும் என்றால் நானும் கொஞ்சம் யோசிக்கச் சொல்லியிருப்பேன் சகோதரி. கண் என்பதால் சொல்கிறேன், தள்ளிப் போடாதீர்கள். ஜேஐஏவோடு வரும் இந்த யுவைட்டிஸ் சத்தமே இல்லாமல் பார்வையைத் தின்னும், அதனால்தான் வலி இல்லாவிட்டாலும் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். என் பையனுக்கு இரண்டு வருடமாகப் போடுகிறோம். 30 கிலோவுக்குக் கீழே என்பதால் 20 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஊசியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிட்டால் எரிச்சல் குறையும். முதல் மாதம் முழுக்க அழுதான், இப்போது எந்தத் தொடை என்று அவனே சொல்கிறான்.

மதுரை_மீனா:
இதே மாதிரி இன்னொரு ஊசியான எட்டனர்செப்ட் விலை குறைவு என்று எங்களுக்கு ஒருவர் சொன்னார். அது 1999லிருந்தே குழந்தைகளின் மூட்டுக்குக் கொடுக்கும் மருந்துதான், ஆனால் கண்ணுக்கு அவ்வளவாகக் கேட்காது என்று டாக்டர் மறுத்துவிட்டார். 2017ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் மெத்தோட்ரெக்சேட்டோடு அடாலிமுமாப் சேர்த்த பிள்ளைகளுக்குத்தான் கண் நன்றாகக் கட்டுப்பட்டது. அதனால் அடாலிமுமாப் தொடங்கியதும் மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வார்டு_சிஸ்டர்:
மாமியார் பயத்திலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அதற்குக் காத்திருப்பது வழியில்லை, பரிசோதனைதான் வழி. முதலில் டிபி. நம் ஊரில் அறிகுறியே காட்டாமல் உடம்புக்குள் தூங்கும் டிபி நிறைய, இந்த ஊசி அதை எழுப்பிவிடும். கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ அல்லது ரத்தத்தில் பார்க்கும் இக்ரா, கூடவே நெஞ்சு எக்ஸ்ரே, ஹெபடைட்டிஸ் பி. டிபி ஒளிந்திருந்தால் முதலில் அதற்கு மாத்திரை தொடங்குவார்கள், அப்புறம் ஊசி. சின்னம்மை தடுப்பூசி அரசு அட்டவணையில் இல்லை, போட்டிருக்கிறீர்களா? அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி, ஊசி தொடங்கினால் போட முடியாது, டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மை வந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், அடுத்த ஊசிக்கு முன்னால் போன் செய்யுங்கள்.

குட்டிம்மா_அம்மா:
சின்னம்மை ஊசி போடவே இல்லை சிஸ்டர், யாரும் கேட்கவும் இல்லை. நாளைக்கே டாக்டரிடம் கேட்கிறேன். மாண்டூ நேற்று போட்டாயிற்று, சனிக்கிழமை கையைப் பார்க்க வேண்டும். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகிறேன், டாக்டர் வாயால் கேட்கட்டும்.