சொல் வேண்டும்: இக்போ மக்கள் பற்றிய பாடத்தில் ‘அசெஃபலஸ் சொசைட்டி’

மடல் 1. திங்கள் காலை. மொழிபெயர்ப்பவர்

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம்.

தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கான மானிடவியல் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் ஒரு பாடம் நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களைப் பற்றியது. வியாழன் மாலைக்குள் அதை அனுப்பியாக வேண்டும். மூலத்தில் ‘அசெஃபலஸ் சொசைட்டி’ என்னும் தொடர் பதினேழு இடங்களில் வருகிறது. நாட்டுக்கெல்லாம் ஒரே வேந்தனோ, வரி தண்டும் அதிகாரிகளோ, நிலையான படையோ இல்லாமல், ஊர்க்கூட்டமும் பங்காளிக் கூட்டமும் கூடி முடிவெடுத்து வாழும் சமூகம் என்பது அதன் பொருள். முதல் வரைவில் ‘தலைமையற்ற சமூகம்’ என்று எழுதிவிட்டேன். திரும்பப் படித்தபோது என் மனம் ஒப்பவில்லை. ‘இக்போ பழங்குடியினர் தலைமையற்ற சமூகத்தினர்’ என்று தொடங்கும் பாடத்தைப் படிக்கிற மாணவர், அடுத்த வரியைப் படிக்குமுன்பே அவர்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். வேறு சொல் இருந்தால் தந்து உதவுங்கள்.

மடல் 2. திங்கள் நண்பகல். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புள்ள அம்மா,

தங்கள் தயக்கம் நியாயமானது. கிரேக்கத்தில் ‘கெஃபலே’ என்றால் தலை. முன்னே நிற்கும் அகரம் இன்மையைக் குறிப்பது. தலைமைக் குருவை ஏற்காத பழைய கிறித்தவப் பிரிவினரைச் சுட்டவும் இச்சொல் வழங்கியது. அதைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் முண்டம் என்றோ கவந்தம் என்றோதான் வரும். ‘அறிவிலி’ போலத் ‘தலையிலி’ என்று படைத்தாலும் அது வசைச்சொல்லாகவே ஒலிக்கும்.

இதில் நம் இலக்கியத்தின் சாய்வையும் கருத வேண்டும். ‘மன்னன் உயிர்த்தே மலர்தலை உலகம்’ என்ற புறநானூற்றை (186) மனத்தில் ஏற்றிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். நாட்டின் நலங்களையெல்லாம் அடுக்கிய வள்ளுவரும், ‘வேந்தமைவு இல்லாத நாடு’ எத்தனை வளம் பெற்றிருந்தாலும் பயனற்றது என்றே அந்த அதிகாரத்தை முடிக்கிறார். ஆகவே தமிழில் வேந்தன் இல்லை என்றாலே உயிர் இல்லை என்ற நிழல் வந்து விழுந்துவிடுகிறது.

என் பரிந்துரை ‘மன்றாட்சி’. மன்னுதல் என்றால் நிலைபெறுதல். மன்னன், மன்று, மன்பதை ஆகிய மூன்றும் அந்த ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. மன்னன் இல்லாத இடத்தில் மன்று நிலைபெற்றிருக்கிறது என்னும் பொருளை இந்தச் சொல் தன்னுள்ளேயே சுமந்து நிற்கும்.

இன்னொன்று. ‘இக்போ’ என்னும் எழுத்துக்கோவை தமிழுக்கு ஒவ்வாதது. க, ச, த, ப என்னும் மெய்கள் தம்மொடு தாமே மயங்கும். ககர ஒற்றுக்குப் பின் பகரம் வாராது. ‘இகுபோ’ என்று எழுதுக.

மடல் 3. திங்கள் இரவு. மானிடவியல் பேராசிரியை

வணக்கம்.

முதலில் ‘பழங்குடி’யை நீக்கிவிடுங்கள். நம் நாட்டில் அது சட்டப் பட்டியல் சார்ந்த சொல். காடு, மலை, சிறு எண்ணிக்கை என்ற படத்தை மனத்தில் எழுப்புவது. இக்போ மக்கள் பல கோடிப் பேர். ஒனிச்சா, ஆபா போன்ற பெரும் வணிக நகரங்கள் அவர்களுடையவை. இக்போ எழுத்தாளர் சினுவா அச்சிபே தம் மக்களுக்கு ‘டிரைப்’ என்ற சொல் பொருந்தாது, ‘நேஷன்’ என்பதே பொருந்தும் என்று வாதிட்டவர். ‘இக்போ மக்கள்’ என்று எழுதினால் போதும்.

‘அரசற்ற சமூகம்’ என்று எழுதுமாறு யாரேனும் சொல்லக்கூடும். என் வகுப்பில் நானே பல ஆண்டுகள் அப்படிச் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை. தமிழில் அரசு என்பது அரசனையும் குறிக்கும், ஆட்சி இயந்திரத்தையும் குறிக்கும். ‘இக்போ என்வே எசே’, அதாவது இக்போவுக்கு அரசன் கிடையாது என்ற வழக்கு அவர்களிடமே உண்டு. ஆனாலும் ஒனிச்சாவில் ‘ஒபி’ என்ற அரசர் இருந்தார், இன்றும் இருக்கிறார். ந்ரி ஊரின் ‘எசே ந்ரி’ படை இல்லாமல், தீட்டுக் கழிக்கும் உரிமையையும் பட்டம் சூட்டும் உரிமையையும் மட்டும் வைத்துக்கொண்டு பரந்த நிலப்பரப்பில் செல்வாக்குச் செலுத்தியவர். அவர்களிடம் அரசர் என்று அழைக்கப்பட்டவர் சில ஊர்களில் உண்டு. நாடு தழுவிய அரசாங்கம்தான் இல்லை. ‘அரசற்ற’ என்ற சொல் இந்த வேறுபாட்டை அழித்துவிடும்.

சொல்லின் பிறப்பையும் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கச் சமூகங்களை அரசு உள்ளவை, அரசு இல்லாதவை என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் முறை 1940ஐ ஒட்டிப் பிரிட்டிஷ் மானிடவியலில் வேரூன்றியது. இக்போ நாட்டில் அதற்கு ஒரு முன்கதை உண்டு. தலைவர் யார் என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாத பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள், ஊருக்கு ஒருவரைப் பிடித்து ஒரு தாளைக் கொடுத்து ‘வாரண்ட் சீஃப்’ ஆக்கினார்கள். நிலை 1929இல் வெடித்தது. முந்தைய ஆண்டுதான் ஆண்கள்மீது தலைவரி விதித்திருந்தார்கள். ஒலோக்கோ என்னும் ஊரில், பனையெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ந்வான்யெருவா என்ற பெண்ணிடம், ஆடுகளையும் ஆட்களையும் கணக்குச் சொல் என்று ஒருவர் வந்து கேட்டார். ‘உன் தாயைக் கணக்கெடுத்தார்களா?’ என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டார். அடுத்து பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற செய்தி பனையோலையோடு ஊர் ஊராகப் பரவியது. பல்லாயிரம் பெண்கள் திரண்டார்கள். அவ்வூரின் வாரண்ட் சீஃப்பான ஒக்குகோவின் முற்றத்தில் அமர்ந்து, அவர் பதவியின் அடையாளமான தொப்பியை இழக்கும்வரை எழவில்லை. துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அரசு ஆவணங்களில் அதன் பெயர் ‘ஆபா கலவரம்’. அந்த மக்கள் வைத்த பெயர் ‘ஒகு உமுன்வான்யி’, பெண்களின் போர். உங்கள் வரைவில் எது இருக்கிறது?

அதன் பிறகுதான் இந்த மக்கள் எப்படித் தங்களை ஆண்டுகொள்கிறார்கள் என்று அறிய ஆய்வாளர்கள் ஊர்களுக்குள் வந்தார்கள். 1937இல் வெளிவந்த மீக் என்பவரின் நூல்தலைப்பிலும் ‘டிரைப்’ இருக்கிறது.

மடல் 4. செவ்வாய் காலை. மொழிபெயர்ப்பவர்

அம்மா, என் வரைவில் ‘கலவரம்’ என்றே இருந்தது. ‘பெண்கள் போர்’ என்று மாற்றிவிட்டேன். ‘பழங்குடி’யையும் எல்லா இடங்களிலும் நீக்கியாயிற்று. ‘வாரண்ட் சீஃப்’புக்குச் ‘சீட்டுத் தலைவர்’ என்று முதலில் தோன்றியது. ஆனால் அது சீட்டுப் பிடிப்பவரை நினைவூட்டுவதால் ‘ஆணைச்சீட்டுத் தலைவர்’ என்று வைத்திருக்கிறேன்.

ஐயாவின் ‘மன்றாட்சி’ அழகான சொல். ஆயினும் இன்று அதைப் படிக்கும் மாணவருக்கு மன்றாடுதல், கெஞ்சுதல் என்ற பொருளே முந்திவரும். யாரிடம் மன்றாடினார்கள் என்று கேட்பார்.

மடல் 5. செவ்வாய் மாலை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மன்றாடுதல் என்பதற்குக் கெஞ்சுதல் என்ற பொருள் பிற்காலத்தது. திருநெல்வேலி மாவட்டத்து மானூர்க் கல்வெட்டில், ஊர்ச்சபையில் உரிமையோடு பங்கேற்றுப் பேசுவதே மன்றாடுதல். தகுதி இருப்பவரே மன்றாடலாம் என்று விதி வகுத்த கல்வெட்டு அது. ஒரு நல்ல சொல்லின் பொருள் தாழ்ந்துபோனது என்பதற்காக அதைக் கைவிடுவதா, பழைய பொருளோடு மீட்பதா? மீட்பதற்குப் பாடநூலை விடச் சிறந்த இடம் எது?

இன்னும் ஒரு கருத்து. இகுபோ என்பதன் முற்பகுதியை நம் ‘ஈங்கு’, ‘இகு’ முதலியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அம்மக்களின் தோற்றம் பற்றியும் அதிலிருந்து ஏதேனும் புலப்படலாம்.

மடல் 6. செவ்வாய் இரவு. மானிடவியல் பேராசிரியை

ஐயா, மன்னிக்க வேண்டும். ‘மன்றாட்சி’யோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கடைசிப் பத்தியை இந்தக் குழு ஏற்கக் கூடாது என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இக்போ மக்களின் தோற்றத்தை வேறெங்கோ தேடுவது வெளியாரின் நெடுநாள் பழக்கம். 1789இல் தம் வரலாற்றை எழுதிய ஒலாவுடா எக்குவியானோ தம் நாட்டு வழக்கங்களை யூதர்களின் வழக்கங்களோடு ஒப்பிட்டார். தம்மை அடிமையாக்கியவர்களிடம் தம் மக்களின் மதிப்பை நிலைநாட்ட அவருக்கு அந்த ஒப்பீடு வேண்டியிருந்தது. பின்வந்தவர்கள் அதையே எகிப்து, இசுரேல் என்று வரலாறாக நீட்டினார்கள்.

இக்போ உக்வு என்னும் ஊரின் கண்டெடுப்புகளுக்கும் இதே கதிதான். 1938ஐ ஒட்டி ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் நீர்த்தொட்டி தோண்டும்போது வெண்கலப் பொருள்கள் கிடைத்தன. 1959 முதல் தர்ஸ்டன் ஷா அங்கே அகழ்ந்தார். கயிற்று வலை போர்த்தியது போன்ற வேலைப்பாட்டோடு மெழுகு அச்சு முறையில் வார்த்த வெண்கலக் கலம் ஒன்று அங்கே கிடைத்தது. அந்தக் கயிற்றின் ஒவ்வொரு முடிச்சும் வெண்கலத்தில் தனித்தனியே தெரியும். காலம் ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டு. உலோகத்தை ஆய்ந்தபோது அது அந்த வட்டாரத்துக் கனிமம் என்று தெரியவந்தது. இவ்வளவுக்குப் பிறகும், பேரரசன் இல்லாத மக்கள் இதை எப்படிச் செய்திருக்க முடியும் என்ற கேள்வி நின்றபாடில்லை. அந்தக் கேள்வியின் வித்து ‘அசெஃபலஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தலை இல்லாதவனிடம் கைத்திறனை எதிர்பார்க்க மாட்டார்கள் அல்லவா?

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். இல்லாததைச் சொல்லும் பெயர் வேண்டாம். அவர்களிடம் எது இருக்கிறதோ அதிலிருந்து பெயரை எடுப்போம்.

மடல் 7. புதன் காலை. எனுகு அருகே பணியாற்றிய கணித ஆசிரியர்

குழுவினருக்கு வணக்கம். பெரும்பாலும் படிப்பதோடு நின்றுவிடுவேன். இம்முறை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளின் இறுதியில் நம் பக்கத்திலிருந்து பலர் நைஜீரியப் பள்ளிகளுக்குப் பணிக்குப் போனோம். நான் எனுகுவுக்கு அருகே ஒரு சிற்றூரில் ஐந்தாண்டுகள் இருந்தேன். பள்ளி நிலத்தின் எல்லை பற்றிய ஒரு கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார்கள். முதலில் ஒரு மரத்தட்டில் கோலாக் கொட்டை வந்தது. அதை உடனே உடைக்கவில்லை. தட்டு ஆள் மாற்றி ஆள் போயிற்று. ஒவ்வொருவரும் தொட்டுப் பார்த்து அடுத்தவரிடம் தந்தார்கள். சுற்றி முடிந்து வீட்டுக்காரர் கைக்கே திரும்பி வந்தது. அவர்களில் மூத்தவர் அதை உயர்த்திப் பிடித்து முன்னோரை அழைத்து வேண்டினார். பக்கத்தில் இருந்தவர் என் காதில், கோலாவுக்கு ஆங்கிலம் புரியாது, அதனால் இக்போவில்தான் வேண்ட வேண்டும் என்றார். பிளந்து எத்தனை பருப்பு என்று எண்ணினார்கள். நான்கு. அவர்களுடைய நான்கு சந்தை நாட்களோடு சேர்த்து அதை நல்ல குறி என்பார்கள்.

பிறகு பேச எழுந்த ஒவ்வொருவரும் ‘க்வேனு!’ என்று குரல் கொடுப்பார், கூட்டம் ‘யா!’ என்று ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். ‘க்வே’ என்றால் ஒப்புதல், இசைதல். ‘னு’ பலரை நோக்கிய ஏவல். நம் பழந்தமிழில் ‘இசைமின்’ என்றால் அதற்குச் சரியாக வரும். எல்லாரும் பேசித் தீர்ந்த பின், பெரியவர்கள் சிலர் எழுந்து ஒரு மரத்தடிக்குத் தனியே போய்க் கலந்து பேசினார்கள். திரும்பி வந்து ஒருவர் முடிவைச் சொன்னார். கூட்டம் ‘யா’ என்று சொன்ன பிறகுதான் அது முடிவானது. கை தூக்கவில்லை, எண்ணவில்லை.

அவர்களுடைய ‘உமுன்னா’ நம் பங்காளிகள்தான். அதற்கு வேறு சொல் தேட வேண்டாம். இந்தச் சமூகத்துக்கு நான் சொல்லும் பெயர் ‘இசைவாட்சி’. ‘க்வேனு’வின் பொருள் அப்படியே இதில் இருக்கிறது.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் முறைப்படி ‘இக்போ’ என்பதை வல்லோசையாகத்தான் வாசிப்போம். அவர்களுடைய உச்சரிப்பில் ககரமும் பகரமும் மெல்லிய ஓசையில் ஒரே நொடியில் சேர்ந்து பிறக்கின்றன; வல்லோசைச் சேர்க்கை வேறொரு எழுத்து. ஆங்கிலேயர் இந்த ஒலியை வாயில் வைக்க முடியாமல்தான் ‘ஈபோ’ என்று எழுதினார்கள். 1961இல் ஏற்கப்பட்ட எழுத்துமுறையில் அது தனி எழுத்து. ‘இகுபோ’ என்று உகரம் சேர்த்தால் இரண்டு அசை மூன்று அசையாகிவிடும். குறையோடேனும் ‘இக்போ’ இருக்கட்டும்.

மடல் 8. புதன் இரவு. மானிடவியல் பேராசிரியை

கணித ஆசிரியர் ஐயாவின் மடலை இரண்டு முறை படித்தேன். ஆனாலும் ‘இசைவாட்சி’ என்றால் எல்லாரும் எப்போதும் ஒத்துப்போனார்கள் என்று மாணவர் எண்ணக்கூடும். மரபுப் பட்டம் சூடியவரின் குரலும் சூடாதவரின் குரலும் அங்கே ஒரே எடை உடையவை அல்ல. தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ‘ஒசு’க்களுக்கு அந்த வட்டத்தில் இடமே இருக்கவில்லை. நான் முன்வைப்பது ‘அவையாட்சி’. அது கூட்டத்தைச் சொல்கிறது. கூட்டம் நல்லதா கெட்டதா என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லவில்லை. என் வாக்கு அதற்கே.

மடல் 9. வியாழன் நண்பகல். மொழிபெயர்ப்பவர்

அனைவருக்கும் நன்றி. மாலைக்குள் அனுப்ப வேண்டியிருப்பதால் ‘அவையாட்சிச் சமூகம்’ என்று வைத்துவிட்டேன். கருத்துச் சொன்னவர்களில் ஐவர் அதற்கு ஒப்பினார்கள். அவர்களில் மூவர், வேறு வழி இல்லை என்பதற்காகவே ஒப்புவதாகத் தனிமடலில் எழுதினார்கள். முதல் முறை வருமிடத்தில், மூலச்சொல் ‘தலையற்ற’ என்று பொருள்படும் என்பதையும், தமிழில் அதை ஏன் பின்பற்றவில்லை என்பதையும் நான்கு வரிகளில் விளக்கியிருக்கிறேன். ‘க்வேனு’ பற்றிய பத்தியையும் அடிக்குறிப்பாகச் சேர்க்கப் பதிப்பாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

மடல் 10. வியாழன் மாலை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

‘மன்றாட்சி’யை நான் விட்டுவிடவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். இகுபோ பற்றிய என் சொல்லாய்வைத் திரும்பப் பெறுகிறேன். பேராசிரியை சொன்னது சரி.

மடல் 11. வியாழன் இரவு. கணித ஆசிரியர்

ஒன்று விட்டுப்போயிற்று. நான் பார்த்த அந்த அவையில் பெண்கள் ஒருவர்கூட இல்லை. அவர்களுக்குத் தனிக் கூட்டங்கள் இருந்தன. கட்டிக்கொடுத்த ஊர்களிலிருந்து, பிறந்த ஊரின் பெண்களாகிய ‘உமுவாடா’ திரும்பி வந்து ஒரு வழக்கில் வாய் திறந்தால் ஆண்கள் அடங்கிவிடுவார்கள். ஒலோக்கோவில் அந்த முற்றத்தில் அமர்ந்தவர்களும் பெண்களே. ‘அவையாட்சி’யில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? தவறு செய்தவன் வீட்டு வாசலில் திரண்டு அமர்ந்து, அவன் குற்றத்தைப் பாட்டாகப் பாடி, அவன் பணியும்வரை எழாமல் இருக்கும் அந்தச் செயலுக்குப் பாடத்தில் என்ன சொல் வைத்திருக்கிறீர்கள், அம்மா?

மடல் 12. வியாழன் இரவு. மொழிபெயர்ப்பவர்

‘ஒருவன்மேல் அமர்தல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறேன், ஐயா. தவறு என்று இப்போது தெரிகிறது. வடக்கிருத்தல் போல ‘முற்றமிருத்தல்’ என்று சொல்லலாமா? மெய்ப்பு திங்கட்கிழமை வரும். அதற்குள் சொன்னால் மாற்றிவிடுவேன்.