குழுவில் குறுக்கிய லிங்க் வந்தால்: மதுரைப் பக்கத்து அட்மின்களின் அனுபவப் பகிர்வு

சிம்மக்கல்

சித்திரைத் திருவிழா நெருங்கினால் தெருக் குழு, மண்டகப்படிக் குழு, அன்னதானக் குழு எல்லாவற்றிலும் புது எண்கள் சேரும். வெறுப்பு வீடியோவுக்கு ஆள் பிடிக்கிறவர்களும் அந்தக் கூட்டத்தோடுதான் உள்ளே வருவார்கள். தங்கள் தளத்தின் நேரடி முகவரியை அவர்கள் போடுவது அரிது. பெரிய சமூக வலைதளங்கள் அதை ஏற்கனவே தடைப் பட்டியலில் வைத்திருக்கும். அதனால் நீளமான முகவரியைச் சுருக்கித் தரும் பிட்லி மாதிரி சேவையில் செய்த ஒரு குறுக்கிய முகவரியும் "அழிக்கிறதுக்குள்ள பாருங்க" என்ற ஒரு வரியும் வந்து விழும்.

இப்படிப்பட்ட குறுக்கிச் சேவைகளில் டைனியூஆர்எல் 2002-லும் பிட்லி 2008-லும் வந்தவை. கல்லூரிக் கருத்தரங்கு, ரத்த தான முகாம், கல்யாண அழைப்பிதழ் என்று நல்ல காரியத்துக்கே கோடிக்கணக்கில் பயன்படுகிறவை. குறுக்கிச் சேவையை மொத்தமாகத் தடுக்கப் பெரும்பாலான தளங்கள் தயங்கும் என்பதைத்தான் தீவிரவாதக் குழுக்கள் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே குறுக்கிய லிங்க்கைக் கண்டதும் அனுப்பியவரைக் குற்றவாளியாக்க வேண்டாம். அது எங்கே போய் நிற்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

திருமங்கலம்

சிம்மக்கல் அண்ணன் சொன்னதற்கு மேல், பார்க்கிற முறையைச் சொல்கிறேன். முதலில், தட்டாதீங்க. பெரும்பாலான குறுக்கிச் சேவைகளில் லிங்க் போட்டவருக்கு எத்தனை பேர் தட்டினார்கள், எந்த நாடு, எந்த நேரம் என்று கணக்கு போகும். "என்னதான் இருக்கு பார்ப்போம்" என்று தட்டினால் அந்தக் கணக்கில் நீங்களும் ஒருத்தர்.

வாட்ஸ்அப்பில் லிங்க்கோடு தெரியும் படத்தையும் தலைப்பையும் நம்பாதீங்க. அந்த முன்னோட்டம் அனுப்பியவர் போனில் உருவாவது. உங்கள் போன் அந்தப் பக்கத்தைச் சரிபார்த்ததாக அர்த்தமில்லை.

லிங்க்கை அழுத்திப் பிடித்து நகல் எடுங்க. பிட்லி என்றால் கடைசியில் ஒரு கூட்டல் குறி (+) சேர்த்துத் திறந்தால், போய்ச் சேரும் முகவரி தெரியும், பக்கம் திறக்காது. டைனியூஆர்எல் என்றால் முகவரியில் அந்தப் பெயருக்கு முன்னால் 'பிரிவியூ' என்ற சொல்லை ஆங்கிலத்தில் போட்டுப் புள்ளி வைக்கணும். மற்ற சேவைகளுக்கு, கணினியில் கர்ல் கட்டளையை (பிரவுசரில் பக்கத்தைத் திறக்காமல் சர்வரிடம் பதில் கேட்பது), பதிலின் முன்குறிப்பான தலைப்பகுதியை மட்டும் கேட்கிற மாதிரி கொடுங்க. பதிலில் 301 அல்லது 302 (வேறு முகவரிக்குப் போ என்று அர்த்தம்) வந்தால், 'லொகேஷன்' என்று தொடங்கும் வரியில் அடுத்த முகவரி இருக்கும். அதை எடுத்து மறுபடி இதே மாதிரி கேளுங்க. ஒரு குறுக்கிக்குள் இன்னொரு குறுக்கி என்று இரண்டு மூன்று கட்டம் போகலாம். ஒவ்வொரு கட்டத்தையும் நேரத்தோடு எழுதி வைங்க. சில சர்வர்கள் தலைப்பகுதி மட்டும் கேட்டால் 405 என்று மறுக்கும். அப்போது சாதாரணக் கோரிக்கையாகவே கேளுங்க, ஆனால் தானாகப் பின்தொடரும் வசதியைப் போடாதீங்க.

200 (பக்கம் கிடைத்தது என்று அர்த்தம்) வந்து லொகேஷன் வரி இல்லையென்றால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பக்கத்துக்குள்ளேயே இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வேறு இடத்துக்குத் தள்ளிவிடலாம். கர்லுக்கு அது தெரியாது. இதற்கு, நமக்குப் பதிலாகப் பக்கத்தைத் திறந்து பார்த்துச் சொல்லும் யூஆர்எல்ஸ்கேன் தளம் உதவும். அதில் கணக்கு தொடங்கி 'பிரைவேட்' என்று தேர்ந்தெடுத்துக் கொடுங்க. 'பப்ளிக்' என்று விட்டால் உங்கள் தேடல் எல்லோர் கண்ணிலும் படும், அந்த லிங்க்குக்கு நீங்களே விளம்பரம் செய்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு சிக்கல். போய்ச் சேரும் இடத்தைப் பிறகு மாற்ற வசதி தரும் சேவைகள் உண்டு. ஆள் பார்த்து, நாடு பார்த்து வேறு வேறு பக்கம் காட்டுகிறவையும் உண்டு. காலையில் செய்திப் பக்கம் காட்டியது இரவில் வேறெங்கோ போகலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் சில மணி நேரம் கழித்து மறுபடி பாருங்க.

கூகுளின் பழைய பொதுக் குறுக்கி (goo.gl) 2019 மார்ச் 30-க்குப் பிறகு புது லிங்க் தருவதில்லை. மேப்ஸில் பகிரும் லிங்க் வேறு. அந்தப் பழைய வகை லிங்க்கோடு "இப்ப நடந்தது" என்று ஒரு கலவர வீடியோ வந்தால், அது பழைய சரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மேலூர்

அழிப்பதற்கு முன் ஆதாரம் எடுங்கள். திரையில் அனுப்பியவர் எண், தேதி, நேரம், முழு லிங்க் நான்கும் தெரிய ஸ்கிரீன்ஷாட் வேண்டும். அது மட்டும் போதாது, லிங்க்கை எழுத்தாகவும் நகல் எடுத்து வையுங்கள். பெரும்பாலான குறுக்கிய முகவரிகளில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. படத்தில் பார்த்துத் தட்டச்சு செய்தால் சின்ன 'எல்' பெரிய 'ஐ' ஆகும், பூஜ்யம் 'ஓ' ஆகும். புகார் வேறு எவருடைய லிங்க்குக்கோ போய்விடும்.

பிறகு அந்த உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து, கிடைத்த கோப்புக்கு ஷா-256 மதிப்பு (கோப்பின் கைரேகை மாதிரியான எண், இதைத்தான் ஹாஷ் என்பார்கள்) எடுத்து எழுதி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-இன் சான்றிதழ் படிவத்தில் அந்த ஹாஷ் மதிப்பைக் கேட்கிறார்கள். வீடியோவை இறக்கிச் சேமிக்க வேண்டாம், முகவரி போதும். வேறொருவருக்கு அனுப்ப வேண்டியிருந்தால் புள்ளியைச் சதுர அடைப்புக்குள் போட்டு, தட்டினாலும் திறக்காதபடி அனுப்புங்கள். "இதைக் கண்டியுங்கள்" என்று அதே லிங்க்கை நாலு குழுவில் போடுகிறவர்கள்தான் அதை அதிகம் பரப்புகிறார்கள். எனக்கு இதில்தான் ரொம்ப வருத்தம்.

செல்லூர்

எல்லோரும் விட்டுவிடுகிற இடம் ஒன்று: குறுக்கிச் சேவைக்கே புகார் கொடுப்பது. வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் அந்த எண்ணோடு போகும். அதே லிங்க் இன்னும் நூறு குழுவில் உயிரோடு இருக்கும். பெரிய குறுக்கிச் சேவைகளுக்கு முறைகேடு புகார்ப் பக்கம் இருக்கிறது. அங்கே அந்த ஒரு லிங்க்கை முடக்கினால் நூறு இடத்திலும் ஒரே நேரத்தில் சாகும். சங்கிலியில் இரண்டு குறுக்கி இருந்தால் இரண்டுக்கும் எழுதுங்க. கடைசிப் பக்கத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் எழுதுங்க.

பெரிய நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்று விட முடியாது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த தாக்குதல் வீடியோவின் 15 லட்சம் பிரதிகளை முதல் 24 மணி நேரத்தில் நீக்கியதாக ஃபேஸ்புக் சொன்னது. அதில் 12 லட்சம் ஏற்றும்போதே தடுக்கப்பட்டவை. ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட், ட்விட்டர், யூடியூப் நான்கும் 2017-இல் தொடங்கிய கூட்டமைப்பு இப்படிப்பட்ட வீடியோக்களின் ஹாஷைப் பகிர்ந்துகொள்கிறது. ஆனால் வீடியோவின் ஹாஷ் அந்த வீடியோ அவர்கள் தளத்தில் ஏறும்போதுதான் பிடிக்கும். வெளியே எங்கோ கிடக்கும் பக்கத்துக்கு வழிகாட்டும் லிங்க் அதில் சிக்காது.

வரிசை முக்கியம். முதலில் தேசிய சைபர் கிரைம் புகார் தளத்தில் பதிவு செய்து புகார் எண் வாங்குங்க, பிறகு குறுக்கிக்கு எழுதுங்க. முடக்கிய பிறகு போலீஸ் பார்க்க ஒன்றும் இருக்காது. 1930 பண மோசடிக்கான எண். இன்ன இடம், இன்ன நாள் என்று மிரட்டல் இருந்தால் படிவம் நிரப்பிக்கொண்டு உட்காராமல் 112-ஐக் கூப்பிடுங்க.

உசிலம்பட்டி

அட்மின் என்பதாலேயே வழக்கு வருமோ என்று பயந்து குழுவையே கலைக்கிறார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் ஒரு வழக்கில், அட்மினாக மட்டும் இருந்து வேறெதுவும் செய்யாதவர் என்று தெரிந்தால் அவர் பெயரைப் போலீஸின் இறுதி அறிக்கையில் நீக்கச் சொன்னது. அதற்காகத் தெரிந்தே விட்டுவைக்கக் கூடாது. ஆதாரம் எடுத்ததும் 'அனைவருக்கும் நீக்கு' கொடுங்க, எண்ணை வெளியேற்றுங்க. குழுவின் அழைப்பு லிங்க்கை மறக்காமல் ரீசெட் செய்யுங்க, இல்லையென்றால் இன்னொரு எண்ணில் அதே ஆள் அன்றைக்கே திரும்பி வருவார். புதியவர் சேர அட்மின் ஒப்புதல் வேண்டும் என்ற அமைப்பைத் திருவிழா முடியும்வரையாவது போட்டு வைங்க.