ஜூலை 1 ப்ரீ-பேட்ச்: ஹண்டர் ஸ்டாஃப் என்ன ஆகும்? மேக்ரோ, ரீஃபோர்ஜ் உதவி வேணும்

வில்லாளன்
வணக்கம் மக்களே. வார்கிராஃப்ட் கேட்டக்ளிசம் கிளாசிக் ஆன்லைன் கேம்ல சர்வைவல் பிரிவு ஹண்டர் (வில்லு வேடன்), லெவல் 85. 2025 ஜூலை 1 அன்னைக்கு அடுத்த பாகமான மிஸ்ட்ஸ் ஆஃப் பண்டாரியாவோட ப்ரீ-பேட்ச் (முன்னோட்ட அப்டேட்) வருது. ஹண்டருக்கு மெலீ (கிட்ட நின்னு அடிக்கிற) ஆயுத ஸ்லாட்டே போகப்போகுதுன்னு கில்டுல சொல்றாங்க. இப்போ வில்லு விஷாங்கா, கையில கிரில்ங்கிற ஸ்டாஃப் (கோல் ஆயுதம்). டெத்விங் பாஸை எத்தனையோ வாரம் அடிச்சு வாங்கின ஸ்டாஃப், மனசு கேக்கல. அது அப்படியே வீணா? கிட்ட வர்றவங்களை அடிக்க ராப்டர் ஸ்ட்ரைக் வெச்ச ஒரு மேக்ரோவும் (ஒரே பட்டன்ல ஓடற கமாண்ட்), வில்லு மாத்த ஈக்விப்ஸ்லாட் 18 போட்ட ஒரு மேக்ரோவும் இருக்கு. அதெல்லாம் ஓடுமா? இப்பவே என்ன தயார் பண்ணணும்?

பழையவேடன்
தம்பி, உங்க கில்டுல சொன்னது கிட்டத்தட்ட சரிதான், ஆனா போறது ரேஞ்ச்டு (தூரத்துல இருந்து அடிக்கிற) ஆயுத ஸ்லாட். 2012 ஆகஸ்ட்ல ஒரிஜினல் 5.0.4 வந்தப்பவும் இதேதான் நடந்துச்சு. தனி ரேஞ்ச்டு ஸ்லாட் இருக்காது, வில்லு மெயின் ஹேண்டுக்கு வந்துடும். ஸ்டாஃப் மாட்டினா வில்லு கழண்டுடும், ரெண்டும் சேர்ந்து கிடையாது. ஸ்டாஃப்ல அப்பப்போ தானா வர்ற அஜிலிட்டி போனஸும் (ப்ராக்) போச்சு. அதுக்கு ஈடா வில்லோட ஸ்டாட்ஸைக் கூட்டிடுவாங்க, அதனால பயப்படாதீங்க. ஸ்டாஃபை விக்க வேண்டாம், பேங்க்ல போடுங்க.

பதிலுக்குக் கிடைக்கிறது பெருசு. அஞ்சு கஜத்துக்குள்ள வந்தா அம்பு விட முடியாதுங்கிற தொல்லை ஒழியுது. பாஸ் காலடியில நின்னே சுடலாம். ராப்டர் ஸ்ட்ரைக்கையே தூக்குறாங்க, அந்த மேக்ரோவை அழிச்சிடுங்க.

18-ங்கிற ஸ்லாட் நம்பரே இருக்காது. அங்க 16 போடுங்க. காஸ்ட்சீக்வென்ஸ் (ஸ்பெல்லை வரிசையா விடற) மேக்ரோவையும் ஒவ்வொண்ணா திறந்து பாருங்க. இல்லாத ஸ்பெல் வர்ற இடத்துல அது அப்படியே நின்னுடும், அடுத்ததுக்கு நகராது. எர்ரர் எதுவும் வராததால பட்டன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டு இருப்பீங்க.

வில்லாளன்
ரொம்ப நன்றிண்ணே. டேலண்ட்? இப்போ 41 பாயிண்ட் பிரிச்சுப் போட்டிருக்கேன்.

பழையவேடன்
அது மொத்தமா அழியும். 15 லெவலுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு மூணுல ஒண்ணு. ஆறாவது வரிசை 90-லதான் திறக்கும், அதனால இப்போதைக்கு அஞ்சு தேர்வு. எக்ஸ்ப்ளோசிவ் ஷாட், பிளாக் ஆரோ எல்லாம் சர்வைவல் எடுத்தாலே தானா வந்துடும். 60-ம் லெவல் வரிசையில மட்டும் நிதானமா யோசிங்க. த்ரில் ஆஃப் தி ஹண்ட் எடுத்தா ஆர்க்கேன் ஷாட், மல்டி-ஷாட்டுக்கு ஃபோகஸ் (ஷாட் விடத் தேவையான சக்தி) செலவு குறையும், ஆனா அது எப்போ வரும்னு கண்ணு வெச்சுக்கிட்டே ஆடணும். அது கஷ்டம்னா டயர் பீஸ்ட். கோப்ரா ஷாட் இப்போ தர்ற 9 ஃபோகஸ் 14 ஆகுது, அதனால ரொட்டேஷன் (ஷாட் விடற வரிசை) தாளமே மாறும். பயிற்சி டம்மியில அடிச்சுப் பழகிட்டு ரெய்டுக்குப் போங்க.

நகக்கீறல்
முக்கியமான ஒண்ணு விட்டுப்போச்சு: எக்ஸ்பர்டீஸ், அதாவது எதிரி நம்ம அடியில இருந்து விலகித் தப்பிக்கிறதைக் (டாட்ஜ்) குறைக்கிற ஸ்டாட். இதுவரைக்கும் அம்பை பாஸ் டாட்ஜ் பண்ண முடியாது. இனிமே முடியும். குறி தப்பாம இருக்க வேண்டிய ஹிட் 8 சதவீதத்துல இருந்து 7.5-க்கு இறங்குது, கூடவே எக்ஸ்பர்டீஸும் 7.5 வேணும். ஹண்டர்கள் வேண்டாம்னு தள்ளின ரிங், நெக்லெஸ், க்ளோக்ல அது இருக்கும், தேடிப் பாருங்க. மத்த பீஸ்ல ரீஃபோர்ஜ் பண்ணலாம், ஒரு ஸ்டாட்ல 40 சதவீதம் வேற ஸ்டாட்டா மாறும். ஆனா ஜூலை 1-க்கு முன்னாடி கை வைக்காதீங்க, இன்னைக்கு அந்த ஸ்டாட் உங்க அம்புக்கு எதுவும் தராது.

இன்னொரு வேண்டுகோள், நான் ஃபெரல் ட்ரூயிட், அந்த ஸ்டாஃப் எங்க கிளாஸுக்கும் ஆகும். மிச்சம் இருக்கிற வாரங்கள்ல கிரில் விழுந்தா ஹண்டர்கள் ரோல் பண்ணாம (அதுக்குப் போட்டி போடாம) இருங்க. உங்களுக்கு அது சில வாரம், எங்களுக்கு 90-ம் லெவல் போற வழி முழுக்க.

பழையவேடன்
எக்ஸ்பர்டீஸ் விஷயம் ரொம்ப சரி. லாகின் ஆனதும் முதல்ல மெயின் ஹேண்டுல வில்லு இருக்கான்னு பாருங்க. இல்லன்னா பையில தேடி மாட்டுங்க, அதுக்கு முந்தின நாளே பையில கொஞ்சம் இடம் விட்டு வைங்க. எக்விப்மென்ட் செட்டையும் புதுசா சேவ் பண்ணிடுங்க.

வில்லாளன்
மேக்ரோ ரெண்டையும் இப்பவே திறந்துட்டேன், 16 போட்ட புது மேக்ரோ தயார். எக்ஸ்பர்டீஸ் இருக்கிற க்ளோக் ஒண்ணு பேங்க்ல கிடக்கு, அதை எடுத்து வெச்சுக்கிறேன். நகக்கீறல், எங்க கில்டு ஃபெரலும் அந்த ஸ்டாஃபுக்காக ரொம்ப நாளா காத்திருக்கார். இந்த வாரம் மறுபடி விழுந்தா நேரா அவருக்குத்தான், லூட் மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்.