கொழும்பில் புது வலிநிவாரணி வந்துவிட்டதாம்!

வெள்ளவத்தை வேந்தன்: எங்கள் மருமகன் தன் ஆய்வுக்காகப் புதிய சேதனச் சேர்வை ஒன்றைத் தொகுத்து உருவாக்கியிருக்கிறான். எலிக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று. கடையில் விற்கிற வலிக்குளிசை டிக்ளோபெனாக் அளவுக்கு வலி குறைகிறது. இனிக் குளிசைக்கு வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

குடுவைக்காரன்: பெட்டியில் பெயர் அடிப்பதுதான் மிச்சமோ? எந்தச் சோதனை? எலியின் வயிற்றுக்குள் அசற்றிக் அமிலம் ஏற்றி, எத்தனை தரம் நெளிகிறது என்று எண்ணுவதுதானே?

வெள்ளவத்தை வேந்தன்: ஓம், அதேதான். நெளிவு பாதிக்கு மேல் குறைந்தது. உங்களுக்கு ஏன் எரிகிறது?

குடுவைக்காரன்: தூக்க மருந்து கொடுத்தாலும் எலி நெளியாது. தசை தளர்ந்தாலும் நெளியாது. வலி குறைந்ததா, அசைய ஏலாமல் கிடந்ததா? சூட்டுத் தட்டில் விட்டீர்களா? 55 பாகையில் எத்தனை செக்கனில் காலை நக்குகிறது என்று பார்த்தீர்களா?

பாமசி அக்கா: சூட்டுத் தட்டை விடுங்கள் தம்பி. அதில் டிக்ளோபெனாக்கே ஒழுங்காகக் காட்டாது. மோர்பீன் வகைக்குத்தான் அது சரி.

குடுவைக்காரன்: சரி அக்கா, தட்டு வேண்டாம். சுழலும் தண்டில் ஏற்றினார்களா? மருந்து போட்ட எலி விழாமல் நின்றால்தான் அந்த நெளிவுக் கணக்கை நம்பலாம். தண்டில் ஏற்றினார்களா இல்லையா?

வெள்ளவத்தை வேந்தன்: தண்டு தண்டு என்று ஒரே பாட்டு. டெங்குக்குப் பப்பாசி இலைச் சாறு போதும் என்று இங்கேயே எழுதியவர்தானே நீர்? அப்போது எந்த எலியைத் தண்டில் ஏற்றினீர்?

குடுவைக்காரன்: அதை எழுதியது நான் இல்லை. பேச்சை மாற்றாதீர்.

மூலிகை மைந்தன்: இரண்டு பேரும் மகரகம நாவின்ன ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். எண்ணெய் பூசினால் போகிற நோவுக்கு எலியை ஏன் வதைப்பான்?

பாமசி அக்கா: எண்ணெய் பூசிப் பூசி வயிற்றுப் புண்ணை மறைத்தவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

மூலிகை மைந்தன்: புண்ணே உங்கள் டிக்ளோபெனாக் தந்ததுதான்.

குடுவைக்காரன்: எலியில் காட்டினாலும் பாதி வழிகூட வரவில்லை. எலி, நாய், குரங்கு எல்லாம் தாண்டி வந்த சேர்வையைத்தான் 2016இல் பிரான்ஸின் ரென் நகரில் ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்தார்கள். வலிக்கும் உதவும் என்று எதிர்பார்த்த சேர்வை. ஒருவர் இறந்தார். அமெரிக்கா 2025 ஜனவரியில் அனுமதித்த சுசெட்ரிஜினைப் பாருங்கள். மோர்பீன் போன்ற ஓபியொயிட் இல்லாமல், வலி நரம்பின் சோடியம் வாயிலை அடைக்கிற மருந்து. அதுகூட ஓபியொயிட்டான ஹைட்ரோகோடோனும் பரசிட்டமோலும் சேர்ந்த குளிசையை விஞ்சவில்லை. இங்கே ஒரு மாமா எலி நெளியவில்லை என்று கடை திறக்கிறார்.

வெள்ளவத்தை வேந்தன்: பிள்ளை இரவிரவாக நின்று தொகுத்தது. நீர் ஏ.எல் இரசாயனவியல் டியூஷனுக்கு மேல் எதைத் தொகுத்தீர்?

குடுவைக்காரன்: என் மாணவர்களுக்குக்கூட ஒப்பீட்டுச் சோதனை என்றால் என்னவென்று தெரியும். சுழல் தண்டு?

வெள்ளவத்தை வேந்தன்: அவர்களின் ஆய்வுகூடத்தில் அந்த இயந்திரம் பழுதாம். அதற்கு அவன் என்ன செய்வான்?

குடுவைக்காரன்: ஆக, ஏற்றவில்லை.

வெள்ளவத்தை வேந்தன்: பழுது என்றேன். வாசிக்கத் தெரியாதா?

குடுவைக்காரன்: ஏற்றவில்லை.

வெள்ளவத்தை வேந்தன்: முதலில் பப்பாசி இலைக்குப் பதில் சொல்லும்.