மறு: கூட்டல் விருத்திக்கு மாற்றுச்சொல்: ‘சீரிடை வரிசை’

அன்புள்ள நண்பர்களுக்கு,

அடுத்தடுத்த உறுப்புகள் ஒரே அளவால் கூடியோ குறைந்தோ செல்லும் எண்வரிசையை இலங்கையில் ‘கூட்டல் விருத்தி’ என்கிறோம். அதற்குப் பதிலாகத் தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘கூட்டுத் தொடர்வரிசை’யையே இங்கும் ஏற்கலாம் என்ற கருத்துடன் எனக்கு உடன்பாடில்லை. ‘கூட்டு’ என்றதும் மாணவருக்கு நினைவில் வருவது கூட்டு வட்டி. அதில் தொகை ஆண்டுதோறும் ஒரே மடங்காகப் பெருகுகிறது; அது பெருக்கல் விருத்தி. ஒரே அளவாக ஏறுவது எளிய வட்டியில்தான். பெயர் ஒரு பக்கம் இழுக்க, பொருள் மறுபக்கம் நிற்கிறது.

நமது ‘கூட்டல் விருத்தி’யிலும் குறை உண்டு. விருத்தி என்றால் வளர்ச்சி. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அறுவடைக்குப் பின் நெல் மூடைகளை அடுக்குகிறார்கள். அடிவரிசையில் 15, அதன்மேல் 14, பிறகு 13 என்று குறைந்து உச்சியில் 4 மூடைகள் இருந்தால், அங்கே எது வளர்கிறது? ஓர் உறுப்பிலிருந்து அடுத்ததற்குள்ள மாற்றம், அதாவது பொது வித்தியாசம், −1. மட்டக்களப்பில் நான் கற்பிக்கும் பிள்ளைகள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஆகவே ‘சீரிடை வரிசை’ என்று முன்மொழிகிறேன். அடுத்தடுத்த உறுப்புகளின் இடைவெளி சீரானது, அவ்வளவே. ஏறுமுகமா இறங்குமுகமா என்பதைப் பொது வித்தியாசத்தின் குறி சொல்லிவிடும். பெருக்கல் விருத்திக்கு ‘சீர்மடங்கு வரிசை’ இணையாக நிற்கும். ‘பொது வித்தியாசம்’ பிள்ளைகளின் நாவில் பழகிவிட்டது. தனித்தமிழுக்காக அதை மாற்ற வேண்டாம்.

கூட்டுத்தொகை காணும் முறைக்கும் ஒரு பெயர் தேவை: ‘எதிர்ச்சோடி முறை’. வரிசையை ஒருமுறை நேராகவும் அதன்கீழ் தலைகீழாகவும் எழுதினால் 15உம் 4உம், 14உம் 5உம் என்று ஒவ்வொரு சோடியும் 19 ஆகும். சோடிகள் 12, மொத்தம் 228, அதில் பாதி 114 மூடைகள். வரிசையை நடுவில் மடித்துச் சோடி சேர்க்கும் பழக்கத்தை நான் விரும்புவதில்லை. உச்சி வரிசை இல்லாமல் 15 முதல் 5 வரை 11 உறுப்புகள் இருந்தால், மடிக்கும்போது நடுவிலுள்ள 10 தனித்துப் போகும், பிள்ளை தடுமாறும். தலைகீழாக எழுதினால் அந்த 10 தன்னுடனேயே சேர்ந்து 20 ஆகிவிடும். 11 × 20 இன் பாதி 110. முதலுறுப்பையும் ஈற்றுறுப்பையும் கூட்டி, உறுப்புகளின் எண்ணிக்கையில் பாதியால் பெருக்கும் இவ்விதியை ஆரியபட்டர் கி.பி. 499இலேயே சொல்லியிருக்கிறார்.

பரீட்சைத்தாளில் பழைய சொல்லே இருக்கட்டும். நமது கையேட்டில் இரண்டையும் அருகருகே தருவோம். ‘தொடர்’ என்பதை உறுப்புகளைக் கூட்டல் குறியால் இணைத்த கோவைக்கு மட்டும் ஒதுக்கலாமா? கல்முனை, அக்கரைப்பற்று ஆசிரியர்களின் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.