குஷால் என்ற பட்டாணியர் பெயர்: குசலமா, குஷியா?

மணல்மேடு:
எங்கள் அலுவலக வண்டி ஓட்டும் பட்டாணியர் ஒருவர், ஊர் பாகிஸ்தானில் நௌஷேரா பக்கம், மகன் பிறந்ததற்கு இனிப்பு கொடுத்தார். பெயர் குஷால் கானாம். அர்த்தம் கேட்டதற்கு, சந்தோஷமாக இருப்பவன் என்றார். அட, குசலம் விசாரிக்கிறோமே, அதே சொல்தான், சமஸ்கிருதம் உங்கள் மலை வரைக்கும் வந்திருக்கிறது என்றேன். சிரித்துவிட்டு டப்பாவோடு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். நான் சொன்னது சரிதானே?

சொல்வேட்டை:
சரியில்லை. குஷ் பாரசீகம், நல்ல, இனிய என்று பொருள். ஹால் அரபி, நிலைமை. நல்ல நிலையில் இருப்பவன், அவ்வளவுதான். குசலத்தில் ‘ச’ குறில், இதில் ‘ஷா’ நெடில். முதல் எழுத்தும் நம் ‘கு’ இல்லை, தொண்டையைக் காறுகிற மாதிரி வரும். தமிழில் எழுதினால் அது மறைந்துவிடுகிறது, குழப்பமே அங்கேதான். உறவு தேடினால் குஷியிடம் போங்கள். ‘ஆள் இன்றைக்கு ரொம்ப குஷாலாக இருக்கிறான்’ என்று என் தாத்தா சொல்வார், அது இதே சொல்தான், உருது வழியாக நம்மிடம் வந்தது.

மணல்மேடு:
அப்படியானால் இலங்கை அணியின் குசல் மெண்டிஸ்?

சொல்வேட்டை:
அவர்தான் உங்கள் குசலம். இவர் வேறு.

ஏட்டுச்சுவடி:
ஒரு பாதி பாரசீகம், மறுபாதி அரபி, அப்புறம் எப்படி இது பட்டாணியரின் பாரம்பரியப் பெயர் ஆகும்? சிங்கம் என்று பொருள்படும் ஸ்மரை, வாளைக் குறிக்கும் தூரா என்ற சொல்லிலிருந்து வந்த தூரியாலை, இவைதான் பட்டாணியரின் மொழியான பஷ்தோவின் பெயர்கள். குஷால் இரவல்.

சொல்வேட்டை:
இரவல்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த இரவலுக்கு 400 வயது. பஷ்தோ கவிஞர் குஷால் கான் கட்டக், நௌஷேரா பக்கத்து அகோராவில் பிறந்தது 1613-இல். அப்பா பெயர் ஷாபாஸ், அதுவும் பாரசீகம்தான், ராஜாளி. அட்டக் சாலைக்குக் காவலாக அக்பர் காலத்திலிருந்தே முகலாயரிடம் இருந்த குடும்பம். அரசவை மொழியில் பிள்ளைக்குப் பெயர் வைத்ததில் என்ன ஆச்சரியம்? அந்தப் பிள்ளையைத்தான் 1664-இல் ஔரங்கசீப் சிறைபிடித்தார், ரண்தம்போர் கோட்டையிலும் அடைத்து வைத்தார்கள், வெளியே வந்தவர் அந்தப் பேரரசுக்கு எதிராகவே வாளெடுத்தார். முகலாயக் குதிரைகளின் குளம்புத் தூசி படாத இடத்தில் என்னைப் புதையுங்கள் என்று சொல்லிவிட்டு 1689-இல் இறந்தார் என்பார்கள். போரைப் பற்றியும் காதலைப் பற்றியும் பஷ்தோவில் பாடியவர், வல்லூறு வளர்ப்பு பற்றிக்கூட ஒரு நூல் எழுதியிருக்கிறார். இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பெயரை இரவல் என்று திருப்பிக் கொடுக்கச் சொல்வீர்களா?

ஏட்டுச்சுவடி:
அவர் பெரிய கவிஞர் என்பதால் சொல்லின் வேர் மாறிவிடாது ஐயா. ராஜா என்று எத்தனை தலைமுறை பெயர் வைத்தாலும் அது தமிழ் வேர்ச்சொல் ஆகுமா?

சொல்வேட்டை:
வேர் மாறாது. ஆனால் நீங்கள் கேட்டது வேரை இல்லையே, பாரம்பரியத்தை! ராஜா என்ற பெயரைத் தமிழ்க் குடும்பப் பெயரில்லை என்று யாராவது சொன்னால் நம் தெருவில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். தவிர, பஷ்தோவுக்குள் வந்த பிறகு சொல் அப்படியே இருக்கவுமில்லை, பேச்சில் நடுவிலுள்ள ‘ஹ’ கரைந்துவிடுகிறது, அதை எழுத்திலும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

மணல்மேடு:
இன்று காலை வண்டியில் மறுபடி கேட்டேன். குசலத்தை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாரசீகமா அரபியா என்றெல்லாம் அவர் யோசித்ததே இல்லையாம், ‘குஷால் பாபா பெயர்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நானும் சொல்லிப் பார்த்தேன், ‘கு’ சரியாக வரவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது மூன்று முறை சொல்லிக் காட்டினார், ‘ஹ’ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஏட்டுச்சுவடி:
‘ஹ’ போனதை ஒத்துக்கொள்கிறேன். இரவல் என்பதில் மாற்றமில்லை.