கலவை நூலில் பின்னுகிறவர்களே, உங்கள் கைப்பழக்கத்தை மாற்றிய சந்திப்பு எது?

ஊதாக்கண்ணி:

மிஞ்சிய நூல், பிரித்தெடுத்த நூல், ஆசைப்பட்டு வாங்கி வைத்த ஒற்றை உருண்டை என்று எல்லாவற்றையும் சேர்த்து ஸ்வெட்டரும் சால்வையும் பின்னுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஓர் ஆடையைப் பார்த்தோ, ஒருவரிடம் பேசியோ உங்கள் பின்னல் மாறியிருந்தால் அதைச் சொல்லுங்கள். என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

ஒரு காத்திருப்பு அறையில் எதிரே இருந்த அம்மா நீளமான கோட் ஸ்வெட்டர் போட்டிருந்தார். துரு நிறம், பாசிப்பச்சை, வெளிறிய ரோஜா, கடுகு மஞ்சள், நடுநடுவே சுருள் சுருளாக எழும்பி நிற்கும் பூக்ளே நூல். இத்தனையும் ஒரே உடுப்பில் இருந்தும் கண்ணை உறுத்தவே இல்லை. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு வரிசையிலும் மற்ற நூலோடு சேர்ந்து, கருநாவல் நிறத்தில் மெல்லிய மோஹேர் இழை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. “இது மட்டும் மாறாதும்மா. மத்ததெல்லாம் கைக்கு வந்தது” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. மோஹேர், அங்கோரா ஆட்டின் முடி. அதன் நுண்ணிய மயிர்கள் பக்கத்து நிறங்களின் மேல் படர்ந்து, இரண்டு நிறங்களுக்கு இடையே இருக்கும் கூர்மையைக் குறைக்கின்றன. மெல்லிய நூலும் சற்றே தடித்த நூலும் அடுத்தடுத்து வரும்போது இடைவெளியை நிரப்பி, துணியை ஒரே கனமாகக் காட்டுவதும் அதுதான். சில்க் கலந்த மெல்லிய மோஹேர் பெரும்பாலும் 25 கிராமுக்கு 210 மீட்டர் அளவில் வருகிறது. அதனால் முழு ஸ்வெட்டருக்கும் அதைக் கூடவே ஓட்டினாலும் உடுப்பு கனக்காது.

இப்போது நான் எதைத் தொடங்கினாலும் மாறாத ஒன்றை முதலில் முடிவு செய்கிறேன். அது இழையாக இருக்கலாம், பின்னல் வகையாக இருக்கலாம். அது உறுதியானால் மற்ற எதையும் தைரியமாக மாற்றலாம்.

நூல்பந்து:

அக்கா, எனக்கு மோஹேர் கழுத்தில் அரிக்கும். அதனால் எனக்கு மாறாதது பின்னல் வகைதான். நிட் என்றால் முன்பக்கம் வழவழப்பாக விழும் கண்ணி, பர்ல் என்றால் முன்பக்கம் மேடாக விழும் கண்ணி. எல்லா வரிசையும் நிட் போட்டால் கார்டர், நிட்டும் பர்லும் மாறி மாறி வந்தால் மாஸ். முன்பக்கம் வழவழவென்று வரும் பின்னலில் நூலின் தடிமன் மாறினால் அந்த இடம் பட்டையாக இறுகியோ உப்பியோ தெரியும். கார்டரில் இரண்டு வரிசை சேர்ந்து ஒரு மேடு ஆவதால், அந்த வித்தியாசம் மேட்டுக்குள் போய்விடுகிறது.

என் சந்திப்பு நிறத்தைப் பற்றியதே அல்ல. பார்வை இழந்த ஒரு தோழிக்குச் சால்வை பின்னிக் கொடுத்தேன். அவர் அதை மடியில் விரித்து, விரலால் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே போனார். வெல்வெட் மாதிரி மெத்தென்ற செனில் நூல் பட்டை வந்ததும் நின்றார். அப்புறம் பருத்தி, அப்புறம் முறுக்கு அதிகமான கம்பளி. ஒவ்வொன்றிலும் நின்று, “இங்கே என்ன நிறம்?” என்று கேட்டார். ஒரு இடத்தில் நான் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியிருந்தேன், ஆனால் இரண்டும் ஒரே வகை நூல். அவர் விரல் நிற்காமல் கடந்துவிட்டது.

அதிலிருந்து கைக்குத் தெரிய வேண்டிய மாற்றத்தையும் கண்ணுக்குத் தெரிய வேண்டிய மாற்றத்தையும் தனித்தனியாக யோசிக்கிறேன். இரண்டும் ஒரே வரிசையில் மாறினால் அது உடுப்பில் பெரிய நிகழ்வு. அப்படிப்பட்ட இடங்கள் ஒரு சால்வைக்குச் சிலவே போதும். மற்ற இடங்களில் நிறம் மாறும்போது நூல் வகை அப்படியே இருக்கட்டும், நூல் மாறும்போது நிறம் அப்படியே இருக்கட்டும்.

மழைமேகம்:

நான் சொல்வது சின்ன விஷயம். ஒரு ஓவிய ஆசிரியை என் நூல் உருண்டைகளை வரிசையாக வைத்து, போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துக் காட்டினார். சிவப்பும் பச்சையும் நீலமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன! நிறம் வேறாக இருந்தாலும் வெளுப்பும் அடர்த்தியும் ஒன்றாக இருந்தால் டிசைன் தூரத்தில் கரைந்துவிடும். கோலம் மாதிரி எடுத்துத் தெரிய வேண்டிய டிசைனுக்கு வெளுப்பும் அடர்த்தியும் விலகி நிற்க வேண்டும். மங்கலாக ஒன்றுக்குள் ஒன்று போக வேண்டும் என்றால் நெருங்கி நிற்க வேண்டும். நூல் தேர்ந்தெடுக்கும்போது நான் நிறத்தின் பெயரைப் பார்ப்பதே இல்லை இப்போது.

இரட்டை ஊசி:

போஹுஸ் ஸ்வெட்டர் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

சுவீடனின் மேற்குக் கடற்கரைப் பகுதியில் 1930களில் கல்லுடைக்கும் வேலை படுத்துவிட, அந்தக் குடும்பங்களின் பெண்களுக்கு வருமானம் வேண்டும் என்று 1939இல் எம்மா யாக்கோப்சன் தொடங்கியது போஹுஸ் ஸ்டிக்னிங். 1969இல் மூடப்பட்டது. பெண்கள் வீட்டிலிருந்தே பின்னினார்கள். கம்பளியோடு அங்கோரா முயல் முடி கலந்த மிக மெல்லிய நூல்.

படங்களில் பார்த்தபோது கழுத்தைச் சுற்றி வட்டமாக இறங்கும் வண்ண டிசைன் என்றுதான் நினைத்திருந்தேன். நேரில் குனிந்து பார்த்தால் வேறு விஷயம். வண்ண டிசைன் என்றால் முன்பக்கம் முழுவதும் நிட் என்பது பழக்கம். இங்கே முன்பக்கத்திலேயே ஆங்காங்கே பர்ல் கண்ணிகள் போட்டிருக்கிறார்கள். புது நிறத்தில் பர்ல் போடும்போது, கீழ் வரிசையின் பழைய நிறம் சிறு புள்ளியாக மேலே எட்டிப் பார்க்கும். சாதாரணமாக எல்லோரும் தவிர்க்கும் அந்தப் புள்ளியை இவர்கள் வேண்டுமென்றே கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தப் புள்ளியால் நிறத்தின் எல்லை கலைந்து, நீலம் எங்கே முடிந்தது, சாம்பல் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி ஆகிறது. மேலே முயல் முடியின் மென்புகை வேறு.

நான் கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்கு நின்று வரிசை எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், தன் தாயாரும் வீட்டில் இருந்து பின்னி அனுப்பியவர் என்றார். சரியாக வராத உடுப்பு திரும்பி வந்துவிடும், பிரித்து மறுபடி பின்ன வேண்டும் என்றார். அதைக் கேட்ட பிறகு அந்தக் கண்ணிகளை நான் பார்த்த விதமே வேறு.

வீட்டில் எளிமையாக முயல விரும்புகிறவர்களுக்கு: வட்டமாகப் பின்னும்போது ஒரு நிறத்தில் இரண்டு வரிசை நிட். அடுத்த நிறத்துக்கு மாறியதும் முதல் வரிசையில் மூன்று கண்ணிக்கு ஒன்று பர்ல். அவ்வளவுதான். சில வரிசைகளிலேயே துணி உயிர் பெறுவது தெரியும்.

நாலு இழை:

அக்கா தங்கைகளே, நிறத்தைப் பற்றி எல்லோரும் அழகாகச் சொல்லிவிட்டீர்கள். நான் துவைப்பதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் கலவை நூல் உடுப்பு பாழாவது பெரும்பாலும் அங்கேதான்.

காலமான ஒரு பெரியம்மாவின் நூல் பெட்டி எனக்கு வந்தது. எது என்ன நூல் என்று சொல்லும் சீட்டு ஒன்றிலும் இல்லை. பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்த அவர் மகள், அம்மா எப்படி நூலைக் கண்டுபிடிப்பார் என்பதைச் செய்தே காட்டினார். ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் வைத்துக் கொளுத்த வேண்டும். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் நொறுங்கினால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி, லினன். சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணி ஆனால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல். கலப்பு நூலில் இரண்டும் சேர்ந்து வரும், அதில் மட்டும் கவனம்.

ஏன் இது முக்கியம் என்றால், சூடும் அலசலும் சேரும்போது கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுருங்கும். பருத்தியும் அக்ரிலிக்கும் அப்படிச் செய்யாது. ஒரே ஸ்வெட்டரில் கம்பளிப் பட்டை சுருங்கி, பக்கத்துப் பட்டை அப்படியே இருந்தால் உடுப்பு கொசுவிவிடும். சூப்பர்வாஷ் கம்பளியில் அந்தச் செதில்களை மழுக்கியிருப்பார்கள். அது சுருங்காது, ஆனால் நனைந்தால் நீளும். அக்ரிலிக் மேல் சூடான இஸ்திரி பட்டால் துவண்டுவிடும், மீளாது. ஆகவே உடுப்பில் உள்ள நூல்களிலேயே எது அதிகம் நலுங்குமோ, அதற்கு ஏற்றபடிதான் மொத்த உடுப்பையும் துவைக்க வேண்டும். குளிர்ந்த நீர், கையால் அமுக்கி எடுப்பது, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரத்தை அமுக்கி எடுப்பது, படுக்கையாக விரித்துக் காய வைப்பது.

எல்லா நூலும் சேர்ந்த மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, துவைத்து, காய வைத்த பிறகே உடுப்பைத் தொடங்குங்கள். அடர் சிவப்பு, கருநீலம் இருந்தால் ஈர வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள்.

இன்னொன்று, பருத்தி கனமானது, இழுத்தால் திரும்ப வராது. ஸ்வெட்டரின் கீழ்ப்பகுதியில் நிறையச் சேர்த்தால் தோள் இறங்கும். சால்வைக்கு அதே கனம் நல்லது, தோளில் நழுவாமல் விழும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சால்வையில் தொடங்குவதே நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நூல்பந்து:

நாலு இழை அக்கா சொன்ன சால்வைக் கருத்துக்கு என் ஓட்டும். நிறத்தில் தைரியம் வேண்டுகிறவர்களுக்கு பின்னல் வடிவமைப்பாளர் கேஃப் ஃபாசெட்டை நினைவுபடுத்துகிறேன். ஓவியராக இருந்தவர், ஸ்காட்லாந்தில் ஒரு நூல் ஆலையில் 20 நிற நூல்களை வாங்கிவிட்டு, திரும்பும் ரயிலில் கூட வந்த ஒரு பெண்ணிடம் பின்னக் கற்றுக்கொண்டார். 1988இல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவருடைய வேலைகளுக்குத் தனிக் கண்காட்சியே நடந்தது. ரயிலில் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்ணைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

புதுக்கண்ணி:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். எனக்கு இரண்டு சந்தேகம். நிறம் மாற்ற மாற்ற நூல் நுனிகள் எக்கச்சக்கமாக வருகின்றனவே, என்ன செய்வீர்கள்? அப்புறம், ஒரு தெரிந்த அக்காவின் பட்டை ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தேன். உடம்பில் மெல்லிய பட்டைகள், கையில் மட்டும் அகலப் பட்டைகள். வேண்டுமென்றே அப்படிச் செய்வார்களா?

ஊதாக்கண்ணி:

வேண்டுமென்றும் செய்யலாம்மா, தானாகவும் வரும். கையில் ஒரு வரிசைக்குக் கண்ணிகள் குறைவு. அதே நீள நூல் அங்கே அதிக வரிசைக்கு வரும், பட்டை அகலமாகிவிடும். உடம்போடு ஒத்துப்போக வேண்டும் என்றால் கைக்கு நூல் துண்டுகளைக் குட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும், அல்லது வரிசையை எண்ணி மாற்ற வேண்டும்.

நுனிகளுக்கு: சூப்பர்வாஷ் இல்லாத கம்பளி என்றால் இரண்டு நுனியையும் ஈரமாக்கி, உள்ளங்கையில் வேகமாகத் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். பருத்தி, அக்ரிலிக், சூப்பர்வாஷ் இவற்றில் இது நடக்காது. அங்கே ஒரு சாண் நுனி விட்டு, பின்னும்போதே பின்பக்கமாகக் கோத்துக்கொண்டு போக வேண்டும். சால்வையை நீளவாக்கில் பின்னினால் இன்னும் சுலபம். ஒவ்வொரு வரிசைக்கும் புது நூல், இரண்டு பக்கமும் நுனியைத் தொங்கவிட்டு நான்கு நான்காக முடிச்சுப் போட்டால் அதுவே குஞ்சம்.

உங்களிடம் இருக்கும் நூல்களை ஒரு தாளில் அடுத்தடுத்து வைத்துப் படம் அனுப்புங்கள். எதை எதோடு இரட்டை இழையாகச் சேர்க்கலாம், ஊசி எத்தனை மி.மீ. வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.